யார் சுமந்த மண்?

பழைய காலத்து வீடுகளையும் கருவிகளையும் சேர்த்துவைத்திருக்கும் காட்சிசாலைகளைப் பார்க்கப் போவது நல்ல காரியமே. ஆனால் அங்கே கண்ணோடு புத்தியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

சுவீடன் தேசத்தில் 1891-ல் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளிக் காட்சிசாலையை ஏற்படுத்தினார். பல பாகங்களிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அந்நாட்டுக் கரடி, ஓநாய் முதலியவற்றையும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அங்கே பிரபுவின் மாளிகையும் இருக்கிறது. கூலியைத் தானியமாகப் பெற்ற பண்ணையாட்கள் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த வரிசைவீடும் இருக்கிறது. அந்தப் பண்ணையாள் முறை 1945-ல்தான் அங்கே ஒழிந்தது. மாளிகை எதனால் எழும்பிற்று என்பதற்கு அந்த வரிசைவீடே சாட்சி!

நம் நாட்டில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் தட்சிணசித்ரா ஏற்பட்டது. அங்கே செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு எல்லாம் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமை அக்கிரகார வீடும் உண்டு. பார்க்கவேண்டியதுதான், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. இன்று அந்தத் திண்ணையில் யாரும் உட்காரலாம். ஆனால், “எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு அழகு!” என்று மட்டும் சொல்லித் திரும்பினால் என்ன பிரயோஜனம்? அப்படிப்பட்ட தெருக்களில் நடக்கும் உரிமையே நம்மில் பலருக்கு இல்லாதிருந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா? வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக 1924-ல் ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்ததே!

நிற்க, நம் வாசுதேவநல்லூருக்கு வருவோம். 1767-ல் வெள்ளைக்காரன் பீரங்கியைத் திணறடித்த இவ்வூர்க் கோட்டை மண்கோட்டை. பூலித்தேவனுக்கு நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகை இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அந்த மண்ணை வெட்டியவன் யார்? கூடையில் சுமந்தவள் யார்? கமலை இறைத்தவனுக்கும், பனையேறியவனுக்கும் ஒரு குடிசையாவது நினைவாக உண்டா?

மலையடிவாரத்து ஊருக்கு மிருகங்களைப் பற்றிய அறிவும் வேண்டும். வரையாடும் சிங்கவால் குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. செய்வினைக்கென்றும் கண்மருந்துக்கென்றும் தேவாங்கைக் கொன்ற மூடத்தனமோ நம்முடையது! அதற்கென ஒரு சரணாலயம் 2022-ல்தான் கடவூரில் ஏற்பட்டது.

ஆகவே, தோழர்களே! இந்த அடிவாரத்தில் ஒரு திறந்தவெளிக் காட்சிசாலை வேண்டுமென்று கேளுங்கள். அதில் முதல் வீடு, மண் சுமந்தவளின் வீடாக இருக்கட்டும்.