தெரிந்தும் சும்மா இருந்தால் யார் பொறுப்பு?

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜகபர் அலி, திருமயம் அருகே லாரி மோதி இறந்தார். முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரான இவர், வட்டாரத்துக் கல்குவாரி முறைகேடுகள் பற்றி அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுத்துவந்தவர். முதலில் விபத்தாகப் பார்க்கப்பட்டது, மனைவியின் புகாருக்குப் பின் கொலை வழக்காயிற்று. குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடி கைக்குப் போனது. திருமயம் காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வட்டாட்சியர் மாற்றப்பட்டார்.

கொன்றது யார் என்பதைக் குற்றவியல் நீதிமன்றம் சொல்லட்டும். வழக்கறிஞர்களாகிய நம் முன் இருப்பது வேறொரு கேள்வி. மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டு அரசு அசையாமல் இருந்தது என்று நிரூபிக்க முடிந்தால், அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு தர அரசு கடமைப்பட்டதா? பணியிடை நீக்கமும் இடமாற்றமும் துறைக்குள் நடக்கும் காரியங்கள். அவற்றால் குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் வராது.

அரசு ஊழியர் ஒன்றைச் செய்து அதனால் தீங்கு வந்தால் சட்டம் ஓரளவு தெளிவு. காவலில் நேர்ந்த மரணத்துக்கு நீலாபதி பெஹரா வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது; இறையாண்மைப் பாதுகாப்பு என்ற வாதம் சரத்து 21இன் முன் நிற்காது என்றும் சொல்லிவிட்டது. அந்த வாதத்தை ஏற்ற கஸ்தூரிலால் தீர்ப்பை (1965) இன்னும் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் அரசு வழக்கறிஞர்கள் உண்டு. அதற்குப் பதில் நம்மிடம் இருக்கிறது.

சிக்கல், செய்யாமல் விட்டதில்தான். உபகார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம், உரிமம் வழங்கிய அதிகாரி மீதும் மாநகராட்சி மீதும் இழப்பீட்டில் ஒரு பங்கைச் சுமத்தியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த இரு தரப்பையும் விடுவித்தது. சட்டப்படியான அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது மட்டும் போதாது, கெட்ட எண்ணமோ அறிந்தே செய்த அதிகாரத் துஷ்பிரயோகமோ காட்டப்பட வேண்டும் என்றது. மரம் விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு ராஜ்கோட் மாநகராட்சி பொறுப்பில்லை என்ற 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பும் எதிர்த்தரப்பில் வந்து நிற்கும். என் பார்வையில் உபகார் தீர்ப்பு மிகக் குறுகலானது. ஆனாலும் அது இருக்கும்வரை அதற்குள்ளேதான் வழி தேட வேண்டும்.

வழி, ‘அறிந்தே’ என்ற இடத்தில் இருக்கிறது. அதிகாரிக்குத் தெரியாது என்றால் கவனக்குறைவு. தேதியிட்ட மனு வந்து, தபால் பிரிவு முத்திரை விழுந்து, கோப்பு எண் ஏறி, அதற்குப் பின்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது கவனக்குறைவின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த வழக்குகளை வெல்வது வாதத்தால் அன்று, காகிதத்தால்.

அந்தக் காகிதம் எப்படிப் பயணம் செய்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் கையில் கொடுத்த மனு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு கோட்டாட்சியருக்கு வரும். அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் பைக்குள். பல நேரங்களில் யார் மீது புகாரோ அந்த அலுவலகத்துக்கே மனு போய்ச் சேரும். மனுதாரரின் பெயரும் ஊரும் கைமாறும் இடமும் இதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாலும், மனுவைப் பரிசீலித்துக் குறித்த வாரங்களுக்குள் முடிவெடுக்கவும் என்ற உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கெடு முடிந்தபின் அந்த உத்தரவை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? அதிகாரிக்குத் தெரியும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒஸ்மான் வழக்கில் (1998) வகுத்த சோதனை இங்கே பயன்படும். குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடி ஆபத்து இருந்ததா? அது காவல் துறைக்குத் தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தும் தங்கள் அதிகாரத்துக்குள் நியாயமாக எடுக்கக்கூடிய நடவடிக்கையை விட்டுவிட்டார்களா? உயிர்ப் பாதுகாப்பு என்ற அந்தப் பகுதியில் ஒஸ்மான் குடும்பம் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அத்தகைய ஆபத்து காவல் துறைக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதை மெய்ப்பிக்க முடியவில்லை. குவாரி முறைகேடு பற்றிய மனு, மனுதாரரின் உயிருக்கு ஆபத்து என்பதைத் தானாகச் சொல்லிவிடாது. மிரட்டல் வந்த தேதி, இடம், வாகன எண் ஆகியவற்றைத் தனி மனுவாக எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வைப்பது நம் வேலை. உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டப் பிரிவு 7(1) சொல்கிறது. அந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க அதைப் பயன்படுத்தியவர்கள் நம்மில் குறைவு.

செய்யாமல் விட்டதற்கும் நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்திருக்கின்றன. ரயிலிலிருந்து விழுந்தவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியதற்கு, பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் (1996) 25,000 ரூபாய். தொகை சிறிது, கொள்கை பெரிது. அந்தப் பணமும் மக்கள் வரிப்பணம்தான் என்பதால், பொறுப்பான அதிகாரியிடமிருந்து வசூலிக்கலாம் என்ற லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கின் (1994) வழிகாட்டுதலையும் கோரிக்கைப் பத்தியில் கேளுங்கள். கேட்காமல் யாரும் தருவதில்லை.

அரசின் தீங்கியல் பொறுப்புக்குச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 1956இல் சொன்னது. அறுபதுகளில் வந்த மசோதாக்கள் காலாவதியாயின. முறைகேடுகளை வெளிக்கொணர்வோருக்கான பாதுகாப்புச் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அப்படியே கிடக்கிறது.

ரிட் மனுவில் உண்மைகள் தகராறில் இருக்கின்றன என்று சொல்லி, தமிழ்நாடு மின்வாரியம் எதிர் சுமதி (2000) தீர்ப்பைக் காட்டிச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். உயிரிழப்பு விபத்துச் சட்டம், 1855இன் கீழ் வழக்குத் தொடுக்கக் காலவரையறைச் சட்டத்தின் 82ஆம் இனம் தருவது மரண நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 80 அறிவிப்புக்கான இரண்டு மாதம் மட்டும் கணக்கில் கழியும். ரிட் மனு நிலுவையில் இருந்தது என்பதால் கெடு தானாக நீளாது.