டிராகன் பழம்: ஒரு ஏக்கரா, கால் ஏக்கரா?

கேள்வி: “கச்சிராயப்பாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. இதுவரை மரவள்ளிதான் போட்டு வருகிறோம். கோடையில் போர்வெல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. டிராகன் பழத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்கிறார்கள். நாற்று விற்பவர், ‘நகையை அடகு வைத்தாவது ஒரு ஏக்கர் முழுக்கப் போடுங்கள், பழத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்கிறார். நம்பிப் போடலாமா?”

– வாசகர் ஒருவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: போடலாம். ஆனால், கால் ஏக்கரில் தொடங்குங்கள். நகைக்கடன் வாங்கி முழு ஏக்கரில் இறங்க வேண்டாம். அதற்கான காரணங்களைக் கணக்கோடு பார்க்கலாம்.

தண்ணீர் விஷயம் உண்மைதான்

டிராகன் பழம், நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி போலக் கள்ளி இனம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா அதன் தாயகம். மற்ற பயிர்கள் பகலில் மூச்சு விட்டு ஈரத்தை இழக்கும். இது பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அதனால் குறைந்த நீரில் பிழைக்கிறது. சொட்டுநீரில் ஒரு தூணுக்கு 10 முதல் 15 லிட்டர், கோடையில் வாரம் இரண்டு முறை கொடுத்தால் போதும். 110 தூணுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,650 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடும் மோட்டாரே இதற்குப் போதும்.

தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து. வேர் அழுகிவிடும். கோமுகி அணைப் பாசனத்தில் இருக்கும் நெல் வயல் போன்ற களிமண் பூமிக்கு இது சரிப்படாது. சரளை கலந்த செம்மண், வடிகால் உள்ள மேட்டு நிலம் ஏற்றது. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் எந்த மூலையில் தண்ணீர் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

பணம் முதலில் தூணுக்குப் போகிறது

மரவள்ளி பத்து மாதப் பயிர். விலை சரியில்லை என்றால் அடுத்த வருடம் வேறு பயிருக்கு மாறலாம். டிராகன் பழத்தில் அப்படி முடியாது. கொடி படர, தரைக்கு மேல் ஐந்தடி நிற்கும் கல் தூணோ சிமென்ட் தூணோ நட்டு, உச்சியில் வளையம் வைக்க வேண்டும். முழுதாகப் படர்ந்த கொடி ஒரு தூணில் நூறு கிலோ வரை கனக்கும் என்பதால் மூங்கிலும் சவுக்கும் தாங்காது.

10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 435 தூண், தூணுக்கு 4 நாற்று. தூண், வளையம், நடுகூலி சேர்த்து 700 ரூபாய், நாற்று 40 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். தூணுக்கு 3,04,500 ரூபாய், நாற்றுக்கு 69,600 ரூபாய். ஆக 3,74,100 ரூபாய். சொட்டுநீரும் எருவும் தனி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால்கூட, இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 90,000 ரூபாயை நெருங்கும். அந்த இரண்டு வருடமும் சொல்லிக்கொள்ளும்படி பழம் வராது.

இதே கணக்கில் கால் ஏக்கருக்கு 110 தூண், 440 நாற்று. மொத்தம் 94,600 ரூபாய். மூன்றாம் வருடம் தூணுக்கு 10 கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 1,100 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் 1,10,000 ரூபாய் வரவு. 50 ரூபாய்க்கு இறங்கினால் 55,000 ரூபாய். அப்போது போட்ட முதலை எடுக்கவே இரண்டு பருவம் ஆகும். அந்தச் சுமையைக் கால் ஏக்கரில் தாங்கலாம். அடகு வைத்துப் போட்ட ஒரு ஏக்கரில் நகை மூழ்கிப்போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. கொடியைக் கவாத்து செய்யும்போது வெட்டும் தண்டுகளே நாற்றுதான். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் உங்கள் 440 செடிகளே மீதி நிலத்துக்கு வேண்டிய நாற்றைத் தந்துவிடும். நாற்று விற்பவர் முழு ஏக்கரையும் இப்போதே போடச் சொல்வது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

நடவில் கவனிக்க வேண்டியவை

ஓரடி நீளத் தண்டை வெட்டி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் காயவைத்து நட வேண்டும். வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகும். தண்டில் பழுப்புப் புள்ளியோ சொறியோ இருந்தால் வாங்கக் கூடாது. தூணைச் சுற்றி மேடு கட்டி, மக்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டு நடலாம். வளையத்தைத் தொடும்வரை ஒரே தண்டை மட்டும் ஏற்றி, பக்கக் கிளைகளை நறுக்கி வர வேண்டும். உச்சியைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் குடை போல விரியும். அந்தக் கிளைகளில்தான் பூ பிடிக்கும்.

பூ இரவில் விரிந்து காலையில் வாடிவிடும். சில ரகங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. தானாகக் காய் பிடிக்கும் ரகமா என்று வாங்கும்போதே கேளுங்கள். முடிந்தால், காய்ப்பில் இருக்கும் தோட்டத்தை நேரில் பார்த்துத் தண்டு வாங்குங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும். கள்ளிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறு. வரிசைக்கு இடையில் அகத்தி, முருங்கை வைத்தால் லேசான நிழல் கிடைக்கும். முதல் இரண்டு வருடம் நிலக்கடலை, உளுந்து ஊடுபயிர் போட்டால் கைச்செலவுக்கு ஆகும். மீதி நிலத்தில் மரவள்ளி தொடரட்டும்.

‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’

ஈமு கோழி வளர்க்கச் சொன்னவர்களும் இதையேதான் சொன்னார்கள். 2012-ல் அது எப்படி முடிந்தது என்பது கொங்குப் பக்கக் குடும்பங்களுக்குத் தெரியும். வாய்ச்சொல்லை வரவில் சேர்க்காதீர்கள்.

பெரிய ஏற்றுமதி நாடான வியட்நாமே இதில் அடிபட்டிருக்கிறது. 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சீனாவுக்குப் போகும் வழி அடைபட்டு, அங்கே பழம் தேங்கி விலை சரிந்தது. ஹோ சி மின் நகரத்துப் பேக்கரி ஒன்று பழத்தை மாவில் பிசைந்து ரொட்டி சுட்டு விற்றது.

நம் ஊரில் ஜூன் முதல் நவம்பர் வரை எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழம் வரும். பறித்த பிறகு இந்தப் பழம் இனிக்காது. தோல் முழுதும் சிவந்த பிறகே பறிக்க வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குள் விற்றாக வேண்டும். ஆகவே, தூண் நடும் முன்பே கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் பழக்கடைகளில் விசாரித்து, எவ்வளவு எடுப்பார்கள், சீசனில் என்ன விலை தருவார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1,100 கிலோவை உழவர் சந்தையிலும் தெரிந்த கடைகளிலும் விற்றுவிடலாம். நாலாயிரம் கிலோவுக்கு மேல் வந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை.

மானியம் உண்டா என்பதை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தூண் வாங்கும் முன்பே கேட்க வேண்டும். 2021-ல் குஜராத் அரசு இந்தப் பழத்துக்கு ‘கமலம்’ என்று பெயர் சூட்டியது. மத்திய அரசின் திட்டங்களிலும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. சிட்டா, அடங்கல் கையில் இருக்கட்டும்.

கேள்வி: “வெள்ளிமலையில் இருக்கிறோம். மலையில் இது வருமா?”

– வாசகி ஒருவர், கல்வராயன் மலை.

பதில்: வரும். மலையில் சூடு குறைவு என்பதால் தண்டு வேகும் தொல்லை குறையும். ஆனால் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் தண்டழுகல், பூசணம் அதிகமாகும். சரிவான, காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். இடைவெளியைக் குறைக்காதீர்கள். அழுகிய தண்டை உடனே வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

மலைப்பாதையில் கல் தூணை ஏற்றும் வண்டி வாடகையே பெரிய செலவாகிவிடும். மத்திய அமெரிக்காவில் கிளிரிசிடியா போன்ற மரங்களையே தூணாக வைத்துக் கொடியை ஏற்றுகிறார்கள். மிளகை மரத்தில் ஏற்றுவது போலத்தான். மரக்கிளையை வருடம் இரண்டு முறை கழிக்காவிட்டால் நிழல் அதிகமாகிக் காய்ப்பு குறையும். முதலில் பத்து மரத்தில் ஏற்றிப் பாருங்கள். சாமையும் மரவள்ளியும் இருக்கும் நிலத்தில் கை வைக்க வேண்டாம், வேலியோரமே போதும்.