தாத்தா வீட்டு வாசலில் ஒரு மைக்

சினிமாவுக்குள் பாட்டு வரும். நமக்குப் பழகியது அதுதான். ஆல்பம் முழுக்க அப்படியே சினிமாவானால்? கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங் 2003-ல் அதைச் செய்து பார்த்தார். ‘கிரேஸி ஹார்ஸ்’ குழுவோடு அவர் வெளியிட்ட ஆல்பம் ‘கிரீன்டேல்’. 10 பாடல்கள், ஒரே கதை. படத்தின் பெயரும் அதுவே. இயக்கியவரும் அவரே. ‘பெர்னார்ட் ஷேக்கி’ என்பது படம் எடுக்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் பெயர்.

படத்தில் நடிகர்கள் பாட்டு வரிகளுக்கு வாயசைக்கிறார்கள், அவ்வளவுதான். தாத்தா, பேத்தி, சாத்தான் என்று யார் பேசினாலும் கேட்பது நீல் யங்கின் குரல். முதல் பத்து நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. பாட்டி கதை சொன்னால் ராஜாவுக்கும் நரிக்கும் பாட்டி குரல்தானே!

படம் பிடித்தது ‘சூப்பர் 8’ கேமராவில். 1965-ல் கோடாக் கொண்டுவந்த ஃபிலிம் அது. பிறந்தநாள், சுற்றுலா என்று வீட்டு விசேஷங்களை எடுக்கத்தான் ஜனங்கள் அதை வாங்கினார்கள். அதனால் திரையில் எல்லாமே புள்ளி புள்ளியாக, யாரோ ஒரு குடும்பத்தின் பழைய ஆல்பம் மாதிரி தெரிகிறது.

கதை நடப்பது கலிஃபோர்னியாவில், கிரீன்டேல் என்ற கற்பனை ஊரில். கிரீன் குடும்பத்து இளைஞன் ஜெட், காரை நிறுத்திய போலீஸ்காரரைச் சுட்டுவிடுகிறான். செய்தியாளர்கள் கேமராவோடு தாத்தா வீட்டை மொய்க்கிறார்கள். ‘என் வீட்டை விட்டுப் போங்கள்’ என்று போராடுகிற தாத்தா, வாசலிலேயே மாரடைப்பில் சாய்கிறார். தாத்தாவாக வருபவர் பென் கீத். 1972-ல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்திலிருந்தே நீல் யங்குக்கு ஸ்டீல் கிட்டார் வாசித்தவர்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைதான ஒரு பையனின் வீட்டுக்கு மைக்கோடு போனேன். வாசலில் அவன் பாட்டி. “பேரன் இப்படிப் பண்ணுவான்னு நினைச்சீங்களா பாட்டி?” என்று கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு சாத்துகிற அந்தச் சில விநாடிகளைத்தான் வீடியோவாகப் போட்டோம். வியூஸ் நன்றாக வந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

கிரீன்டேல் தாத்தாவோடு ஐந்தாறு பாட்டு நேரம் வாழ்ந்துவிட்டுத்தான் அந்தக் காட்சிக்கு வருகிறோம். அதனால் மைக் நீளும்போது நாம் வாசலுக்கு உள்பக்கம் நிற்கிறோம். அன்றைக்கு நான் வெளிப்பக்கம் மட்டுமே நின்றிருந்தேன்.

படத்தில் குறைகள் உண்டு. பாட்டு நீளும் இடங்களில் காட்சி நொண்டுகிறது. சில நடிகர்கள் வாயசைப்பதே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் பேத்தி சன் கிரீன், தாத்தாவின் சாவுக்குப் பிறகு ஒரு மின் நிறுவனத்தின் கழுகுச் சிலையோடு தன்னைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு போராடும் இடம் வரை பார்த்துவிடுங்கள். முதலில் ஆல்பம், அப்புறம் படம் என்பது என் சிபாரிசு.

அந்தப் பாட்டியின் வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று இந்த வாரம் டெஸ்க்கில் கேட்டிருக்கிறேன்.