கர்ப்பப் பிரமையும் நமது நகைப்பும்

ஜெர்மனி தேசத்து டிரெஸ்டென் நகரின் உயர் நியாயஸ்தலத்தில், 1893-ஆம் ஆண்டு, ஒரு பிரிவின் தலைமை நீதிபதியாக அமர்ந்தவர் டானியேல் பால் ஷ்ரேபர் என்பவர். பதவியேற்ற சின்னாட்களிலேயே அவர் சித்தம் கலங்கிற்று. தாம் பெண்ணாக மாற்றப்பட்டு வருவதாகவும், தெய்வ கிரணங்களால் கருவுற்றுப் புதியதொரு மானிட குலத்தை ஈன்றளிக்கப் போவதாகவும் நம்பினார். உடலினுள் கருவின் துடிப்பை உணர்ந்ததாகவும் 1903-இல் வெளியிட்ட தம் நூலில் வரைந்துள்ளார்.

இதனைக் கேட்போர் நகைப்பர். முதன்முறை படித்தபோது நாமும் நகைத்தோம்; மறைப்பானேன்? ஆயின் அதே மனிதர், தம் சுவாதீனத்தைப் பறித்த ஆணையை எதிர்த்துத் தாமே வாதாடி 1902-இல் வெற்றி பெற்றார் என்றறிந்தபோது எம் நகைப்பு நாணமாயிற்று. சட்டத்தின் நுட்பங்களையெல்லாம் செவ்வனே எடுத்துரைத்த அறிவு, ஒரு நம்பிக்கையின் முன் மட்டும் கட்டுண்டு கிடந்தது. மூடத்தனம் வேறு, பிரமை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பொய்க்கர்ப்பம் என்பது பிறிதொன்று. அதில் மாதவிடாய் நின்று, வயிறு பருத்து, உடலே மனத்தை ஏமாற்றும். இங்கிலாந்தின் அரசி முதலாம் மேரி 1555-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பிரசவத்துக்கென ஒதுங்கி மாதக்கணக்காய்க் காத்திருந்தும் குழவி பிறந்திலது. அவரைப் பித்தர் என்பார் எவருமிலர். கர்ப்பப் பிரமையோ உடற்குறி ஏதுமின்றியும் எழும். ஆடவரையும் மூதாட்டியரையும் பற்றும். மனச்சிதைவு நோயிலும், உள்ளக் கிளர்ச்சி மிகும் நோயிலும், முதுமையின் மறதி நோயிலும் இது காணப்பட்டுள்ளது.

இவ்விரண்டினுக்கும் இடைப்பட்ட எல்லை எக்காலும் தெளிவாயிராது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. மனநோய்க்கென அளிக்கப்படும் ரிஸ்பெரிடோன் முதலிய மருந்துகள் சில, உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பைப் பெருக்குவன. அது மிகின் மாதவிடாய் நிற்கும்; கொங்கையில் பாலும் சுரக்கக்கூடும். அந்நிலையில் ஒருத்தி, "நான் கர்ப்பவதி" என்பாளாயின், அவள் முற்றும் ஆதாரமின்றிப் பேசுகின்றாள் என எங்ஙனம் கூறுவது? மருந்தை மாற்றிச் சுரப்பைத் தணித்தபின் பிரமையும் தணிந்தமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. அவள் சொல்லைப் பிதற்றலென்று தள்ளியிருப்பின் அக்காரணம் வெளிப்பட்டிராது.

பிறிதோர் அபாயமுமுண்டு. மனநோயாளி மெய்யாகவே கருவுற்றிருத்தல் கூடும். ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது பரிசோதனையே. அதன் முடிவைக் காட்டியவுடன் பிரமை அகலுமென்று எண்ணற்க. அகலுவதாயின் அது பிரமையன்று, வெறும் தவறு. இரவும் பகலும் வாதிட்டு நோயாளியை மடக்க முயலும் உற்றார், அவர் தம்மிடம் வாய் திறவாதிருக்கவே வழி செய்கின்றனர்.

மருத்துவர்தாமும் மயங்கியதுண்டு. 1814-இல், தம் அறுபத்து நான்காம் வயதில், தெய்வக் குழந்தையொன்றைப் பெறப்போவதாக இங்கிலாந்தில் ஜொவானா சவுத்கோட் என்னும் மாது அறிவித்தார். அவரைச் சோதித்த வைத்தியருள்ளும் சிலர் அதனை ஒப்பினர். அடியார்கள் விலையுயர்ந்த தொட்டில் சமைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் இறந்தபின் உடலை அறுத்து நோக்கியபோது கருவில்லை. நம்புதற்கு விரும்பியோர் அவரைச் சூழ எத்துணையர் இருந்தனர் என்பதை நோக்குக.

நம் நாட்டு இல்லங்களிலோ அவ்விருப்பம் வேறு வடிவில் உலவுகின்றது. மணமான மறு ஆண்டே "விசேஷம் உண்டோ?" என வினவுகின்றோம், இல்லையெனின் மலடி என்னும் சொல்லை வீசவும் கூசுவதில்லை. பிரமை நோயின்பாற்பட்டதே, எனினும் அது உடுத்தும் ஆடையை நாம் அன்றோ நெய்து தருகின்றோம்? நோய் தணிந்து, வயிற்றில் ஏதுமில்லையெனத் தெளியும் நாளில், பிறவாத அக்குழவிக்காக அவள் அழுதலும் கூடும். அவ்வழுகையை நோய் மீண்டதற்குக் குறியென்று கருதி, மருந்தின் அளவைக் கூட்டுமாறு வைத்தியரிடம் உற்றார் விரைந்தோடுதல் வேண்டா.