மேடையில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?



மன்னார்குடியில் நான் பாடம் சொல்லும் மதரஸாவின் ஆண்டு விழாவுக்காக மாணவர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதிக்கொண்டு வந்தனர். நடவு வேலைக்காக வங்காளத்திலிருந்து வந்த ஒருவர் மளிகைக் கடையில் உப்புக் கேட்கிறார். கடைக்காரர் பருப்பை எடுத்து நீட்டுகிறார். அவருடைய அரைகுறைத் தமிழும் திண்டாட்டமும்தாம் நாடகம். ஒத்திகையில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்தபோது என் பாட்டனாரின் நினைவு வந்தது.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கு சென்ற சபுராளிகளுள் அவரும் ஒருவர். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதி வாசகர்களுக்கு அந்தக் கப்பலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு மளிகைக் கடையில் அவர் பல்லாண்டு வேலை பார்த்தார். ஊர் திரும்பிய பின், சிறுவர்களாகிய எங்களை உட்கார வைத்து, அங்கே தாம் கண்ட ‘போரியா’வை நடித்துக் காட்டுவார்.

போரியா என்பது பினாங்கு முஸ்லிம்களின் கூத்து. முதலில் ஒரு சிறு நகைச்சுவை நாடகம். பின்பு ஒருவர் பாட, வரிசையாக நிற்கும் குழுவினர் அதைத் திருப்பிப் பாடுவர். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவுகளுடன் சென்ற முஸ்லிம் சிப்பாய்களே இதை அங்குக் கொண்டு சென்றனர் என்பர். முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து இரவுகளில் குழுக்கள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று ஆடின. கர்பலாவின் துயரத்தை நினைவுகூரத் தக்க நாட்கள் கேளிக்கையில் கழிவதைப் பினாங்கு முஸ்லிம்களே 1920களில் கண்டித்து எழுதினர். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. இன்று போரியா முஹர்ரத்தை விட்டு விலகி, விழா மேடைகளிலும் போட்டிகளிலும் மலாய் மொழியில் நிகழ்கிறது.

இந்த மாற்றத்துக்குள் நம் மக்களின் வரலாறும் அடங்கியிருக்கிறது. தமிழகத்திலிருந்து சென்று மலாய்ப் பெண்களை மணந்தவர்களின் சந்ததியார் ‘ஜாவி பெரனாக்கான்’ எனப்பட்டனர். நாளடைவில் மலாய் அவர்களது வீட்டு மொழியாயிற்று. புதிதாகக் கப்பலில் இறங்கியவரோ ‘மாமாக்’ ஆனார்; நம்முடைய ‘மாமா’ என்ற சொல்லே அது. சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு வருகிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கேலிங் பள்ளிவாசலின் பெயரில் சமூகத் தலைவரின் பட்டத்தோடு சேர்ந்து நிற்கும் ‘கேலிங்’ என்ற சொல், பிற்காலத்தில் இந்தியரை இழித்துரைக்கும் சொல்லாகிவிட்டது.

ஓர் ஆண்டு போரியாவில், மலாயும் தமிழும் கலந்து உளறும் மளிகைக் கடைக்காரராக ஒருவர் நடித்தாராம். “நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்” என்பார் பாட்டனார். “சிரிக்காவிட்டால், அது நான்தான் என்று தெரிந்துவிடுமே!”

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றோருக்கு நீல அடையாள அட்டை. பெறாமல் தங்கியிருந்தோருக்குச் சிவப்பு அட்டை. ‘இன்றில்லாவிட்டாலும் நாளை ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்’ என்றிருந்த பாட்டனார் சிவப்பு அட்டையுடனேயே நின்றுவிட்டார். 1969இல், குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. அவருக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினார். ஊரிலோ அவர் நடையையும், பேச்சில் விழும் மலாய்ச் சொற்களையும் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்களாம். அங்கே மாமாக், இங்கே சபுராளி.

வாசகர்களே, இதையெல்லாம் மாணவர்களிடம் சொன்னேன். அவர்கள் வாடிப்போயினர். “அப்படியானால் நகைச்சுவையே கூடாதா, ஹஜ்ரத்?” என்று ஒருவன் கேட்டான். கூடாதென்று நான் சொல்லவில்லை. “ஜும்ஆவுக்குக் கடைசி வரிசையில் வந்து நிற்கிறாரே, அந்த வங்காளத்துக்காரர், தமிழ்நாட்டில் அவருக்குச் சிரிப்பு வருவது எதைப் பார்த்து என்று கேட்டு வாருங்கள்” என்றேன்.

கேட்டு வந்தார்கள். “மொழி தெரியாத என்னிடம் எல்லாரும் உரக்கக் கத்திப் பேசுகிறார்கள், நான் என்ன செவிடனா?” என்றாராம் அவர்.

நாடகம் மாறிற்று. உப்புக் கேட்பவர் அமைதியாக நிற்க, கடைக்காரர், வழிப்போக்கர், நிலத்துக்காரர் என ஒருவர் மாற்றி ஒருவர் அவர் காதருகே தமிழில் அலறினார்கள். விழாவன்று கொட்டகை அதிர்ந்தது. அன்று காலை வயலில் அப்படிக் கத்திவிட்டு வந்த பெரியவர் ஒருவர் தம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அது ஒளிந்துகொள்வதற்காகச் சிரித்த சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

நம் வீடுகளில் துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இல்லாத வீடு எத்தனை? அங்கே யாரோ ஒருவர் நம் பிள்ளையின் பேச்சை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நாம் விரும்பும் கண்ணியத்தை, நம் வயலில் குனிந்து நாற்று நடுபவருக்கு நாம் தருகிறோமா? உப்பு வாங்க வருபவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவதிலிருந்தே அதைத் தொடங்கலாம். அல்லாஹ் நமக்கு அருள்வானாக.