"கணினி சொல்லுது" என்றால் அது பதிலா?



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நமக்கு இருக்கும் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, முற்றிய இலைக்கு இன்னொன்று என்று வெட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அது நடக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் நமக்கு ஒரு பிடி இருந்தது. தராசு முள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வெட்டுகிறவர் எதிரிலேயே நின்றார். "ஏன் ஐயா மூன்று கிலோ கழித்தீர்கள்?" என்று கேட்டால் அவர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு தலைவரிடம் போகலாம், துரையிடம் போகலாம், தொழில் திணைக்களம் வரைக்கும் போகலாம்.

இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. நிறை நேராகக் கணினிக்குப் போய்விடுகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடந்தால் கள்ளக் கணக்கு குறையும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படியைப் பற்றி. கணினியில் சேர்ந்து கிடக்கும் கிலோ, வரவு, மலை, நேரம் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, இந்த மலையில் நாளைக்கு எத்தனை கிலோ கேட்கலாம், யாருக்குக் கைக்காசு வேலை கொடுக்கலாம், யாரை ஒதுக்கலாம் என்று கேட்பது கம்பனிக்காரருக்கு இனிப் பெரிய காரியமல்ல. வெளிநாடுகளில் களஞ்சியங்களிலும் உணவு விநியோகத்திலும் வேலையைப் பங்கிடுவதும் வேகத்தை அளப்பதும் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பேரையும் சம்பளத்தையும் தொடுகிற எந்த முடிவுக்கும் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். "நாங்கள் என்ன செய்ய, கணினி சொல்லுது" என்று கையை விரிக்க யாரையும் விடக்கூடாது.

அப்படி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தபால் நிறுவனம் 1999இலிருந்து தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு முறையைப் பொருத்தியது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு கம்பனி. சின்னச் சின்ன ஊர்களில் தபாலகம் நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கியது. "நாங்கள் எடுக்கவில்லை" என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது என்பதே நீதிமன்றத்திலும் எடுகோளாக இருந்தது. சிலர் இல்லாத பற்றாக்குறையைத் தங்கள் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். 2010இல் வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் சிறைக்குப் போனார். தொலைபேசியில் முறையிட்ட பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாரும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, 555 பேர் கூட்டாக வழக்குப் போட்ட பிறகே, 2019 டிசம்பரில் மேல் நீதிமன்றம் பிழை கணினி முறையில் இருந்ததை ஏற்றுக்கொண்டது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

சங்கம் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

ஹொரைசன் வெறும் கணக்கு பார்க்கும் முறை. செயற்கை நுண்ணறிவு அதைவிடச் சிக்கலானது. பழைய பதிவுகளைப் படித்துத் தானே ஒரு வழியைக் கற்றுக்கொள்கிறது. ஒருவரை ஏன் தள்ளியது என்று பல நேரம் செய்தவருக்கே சொல்லத் தெரியாது. அமேசன் கம்பனி வேலைக்கு ஆள் தெரிய இப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பத்து ஆண்டு விண்ணப்பங்களை அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. கம்பனி அதைக் கைவிட்டதும், 2018இல் அது செய்தியாக வெளிவந்ததும் எல்லோரும் அறிந்ததே.

நம் செக்ரோலைப் படிக்கக் கொடுத்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்? 1984 வரை ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகும் பிரசவத்துக்கு நின்ற மாதங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராத நாட்கள் யார் பேருக்கு நேராக வெறுமையாகக் கிடக்கின்றன? குளவி கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், செக்ரோலில் மூன்று நாள் வராதவர். அவ்வளவுதான். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, உரம் காணாத மலைகளில் கொழுந்து குறைந்தது. அந்தக் குறைவு பறித்தவரின் பேருக்கு நேராகத்தான் ஏறியிருக்கும். புல் வெட்டாத மலை, காடாகிப் போன மலை, கால் வைக்கப் பயமான மலை என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது கிலோ விஷயம். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர் என்றார்கள். கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் கம்பனிகள் விலகின. ஆனாலும் எத்தனை கிலோ என்பது இன்றும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகத்தான் இருக்கிறது. மலையைப் பார்த்து, மழையைப் பார்த்து, தலைவரும் துரையும் முகத்துக்கு முகம் பேச வேண்டியது. நாளைக்குக் கணினி ஒரு இலக்கத்தைக் கொடுத்து, அது விஞ்ஞானம், அதில் பேச என்ன இருக்கிறது என்று சொன்னால் பேச்சுவார்த்தை என்ற கதவே மூடிவிடும். இலக்கத்தைக் கொடுத்தது கணினியாக இருக்கலாம். எந்த இலக்கத்தைத் தேடு என்று அதற்குச் சொன்னது கம்பனிதான்.

பதிவில் வரும் பிழை என்ன செய்யும் என்று மலையக மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் காட்ட ஒரு தாள் இல்லாததால் நாடற்றவர்களானவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நான் வகுப்பில் இடாப்பு எழுதும்போது பார்க்கிறேன்: ஒரே பிள்ளையின் பேர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, தோட்டத்து ஏட்டில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியதற்காகச் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைந்த பெரியவர்கள் எந்த லயத்தில் இல்லை?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. வேலை நிலைமைகளைப் பாதிக்கும் முடிவுகளைக் கணினி எந்த விதிகளை வைத்து எடுக்கிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனிதர் தலையிடாமல் இயந்திரமே எடுத்த முடிவு ஒருவரின் உரிமையை நிரந்தரமாகப் பாதிக்குமானால், அதை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டம். அதன் அமுலாக்கத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது வேறு கதை. தள்ளிப் போட்டதைத் தட்டிக் கேட்பதும் நம் வேலை.

இடையில் ஒரு வார்த்தை, வீட்டில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. சிங்களத்தில், ஆங்கிலத்தில் கடிதம் எழுத நீங்கள் இந்த ஏஐயைப் பாவிப்பது எனக்குத் தெரியும். நானும் பாவிக்கிறேன், உதவியாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிப் புத்தகத்தையும் அதற்குள் போடாதீர்கள். அது எழுதியதை அனுப்புவதற்கு முன் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் தோட்டத்தில் புதிய தராசோ, முகத்தைப் படம் பிடித்து வரவு பதியும் கருவியோ வந்தால், முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்: இதில் சேர்வது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எதற்குப் பாவிக்கிறார்கள், பிழை என்றால் எந்த அதிகாரி எத்தனை நாளில் பதில் சொல்வார்? நிறுத்த உடனே தமிழில் ஒரு துண்டு கையில் வர வேண்டும் என்றும் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். அதன் பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, எந்த மலை, எத்தனை கிலோ, எத்தனை கழித்தார்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். சம்பள நாளில் அந்தக் கொப்பியையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள். வரும்போது பக்கத்து வீட்டுக்காரரின் துண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.