பெட்டி அட்டையில் இருக்கும் நீலம் யாருடையது?

பெட்டி அட்டையில் என்ன கலர் போட்டிருக்கிறதோ அதையே அச்சு அசலாகத் தன் பொம்மைகளுக்கும் அடித்துவிட்டு "இது என் படை" என்று மார்தட்டும் ஆசாமிகளோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இன்றைக்கு அதைப் பேசித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன பொம்மை, என்ன படை என்று முழிப்பவர்களுக்காகச் சின்ன முன்கதை. இங்கிலாந்தில் கேம்ஸ் வொர்க்ஷாப் என்று ஒரு கம்பெனி. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது, பிறகு நாட்டிங்ஹாமுக்குப் போய்விட்டது. அவர்களுடைய பெரிய சரக்கு 1987-ல் வந்த வார்ஹாமர் 40,000 என்கிற விளையாட்டு. கட்டைவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் வீரர்கள், துண்டு துண்டாகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் வருவார்கள். வெட்டி எடுத்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜை மேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். செஸ்ஸுக்கும் கொலுவுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன். என் பெட்டி லண்டனிலிருந்து அத்தை பையனின் சூட்கேஸில் வந்தது.

இதில் அதிகம் பேர் வாங்குவது ஸ்பேஸ் மரீன் என்கிற கவசம் போட்ட விண்வெளி வீரர்களை. கதைப்படி அவர்கள் 'சாப்டர்' என்று தனித்தனிப் படைகளாக இருப்பார்கள். அல்ட்ரா மரீன்ஸ் நீலம், பிளட் ஏஞ்சல்ஸ் சிவப்பு, டார்க் ஏஞ்சல்ஸ் பச்சை, இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ் மஞ்சள். புதிதாக வருபவர்களுக்கான ஆரம்பப் பெட்டிகளைப் பாருங்கள். 2004-ல் வந்ததில் நீலம். 2008-ல் நீலம். நடுவில் 2012-ல் பச்சை. 2017-ல் திரும்பவும் நீலம். பெயின்ட் டப்பாக்களின் பெயர்கள்கூட விட்டுவைப்பதில்லை. நீல டப்பா 'மேக்ராக் ப்ளூ'. மேக்ராக் என்பது அல்ட்ரா மரீன்ஸின் சொந்தக் கிரகம். பச்சை டப்பா 'காலிபன் கிரீன்', அது டார்க் ஏஞ்சல்ஸின் அழிந்துபோன கிரகம். சிவப்பு டப்பா 'மெஃபிஸ்டன் ரெட்', அவர் பிளட் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய தலை. டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். நான் பி.காம் படிக்கிறவன். விற்கிறவன் தன் சரக்கை அடையாளம் தெரிகிற மாதிரிதான் வைப்பான். என் கோபம் வாங்குகிறவர்கள் மேல்தான். அதிலும், பக்கத்தில் ஒருத்தன் சொந்தமாக ஒரு கலர் யோசித்து அடித்தால், "இது எந்த சாப்டர்? அப்படி ஒண்ணு இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்கள் மேல். அவர்கள் சொல்லும் காரணங்கள் மொத்தம் நான்கு. ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. "கதையில் இல்லையே."

கதையையே திறந்து பார்ப்போம். மொத்தம் சுமார் 1000 சாப்டர்கள் உண்டு என்று கதையே சொல்கிறது. பெயரும் கலரும் கொடுத்து விவரித்திருப்பது அதில் ஒரு பகுதியை மட்டும். மிச்சமெல்லாம் காலி மனை. பட்டா போடாமல் விட்டிருக்கிறார்கள், நீங்கள் வந்து குடிசை போடத்தான். ஆகவே கதைக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பவர்கள்தான் முதலில் புது சாப்டர் உண்டாக்க வேண்டும்.

2. "ரூல்ஸ் இடிக்குமே."

இடிக்காது. 2020-ல் வந்த 9-ம் பதிப்பிலேயே படை முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் 10 புள்ளி தருகிறேன் என்றார்கள். அந்தப் 10 புள்ளிக்கு என்ன கலர் என்ற கேள்வியே கிடையாது. 2023-ல் வந்த 10-ம் பதிப்பில், உங்கள் படை எப்படிச் சண்டை போடும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் படைப்பிரிவு முறையே முடிவு செய்கிறது. கவசத்தின் கலர் அதைத் தடுப்பதில்லை.

3. "நாளைக்கு விற்க முடியாது."

இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அக்கவுன்டன்சி படிக்கிறவன் என்பதற்காகவே என்னிடம் இதைச் சொல்கிறார்கள். ஐயா, இது முதலீடு அல்ல, செலவு. சினிமா டிக்கெட் மாதிரி, சுற்றுலா மாதிரி. அனுபவிப்பதற்காகக் கொடுத்த காசு. எப்போதோ ஒருநாள், யாரோ ஒருத்தருக்குப் பிடிக்க வேண்டும் என்று இன்றைக்கு நம் பொம்மைக்குக் கலர் அடிப்பது, மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று பத்து வருஷம் சோபாவுக்கு உறை போட்டு வைக்கிற கதை. வாங்குகிறவர் எப்படியும் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்ளலாம்.

4. "எனக்கு வரையவே வராது."

நான்கில் இது ஒன்றுதான் நியாயமான பயம். ஆனால் இதுவும் தப்பான பயம். சொந்தக் கலர் யோசிப்பதற்கு ஓவியத் திறமை வேண்டாம். அட்டை நீலத்தை அடிக்க எவ்வளவு கை நிதானம் வேண்டுமோ அவ்வளவேதான் மற்ற கலருக்கும் வேண்டும். கூடுதலாக வேண்டியது முடிவு எடுக்கும் தைரியம். 2019-ல் கான்ட்ராஸ்ட் என்று ஒரு வகைப் பெயின்ட் வந்தது. வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே கோட் அடித்தால் பள்ளத்தில் அடர்த்தியாகவும் மேட்டில் வெளிறியும் அதுவே நின்றுகொள்ளும். இதற்கு மேலும் "கை வராது" என்றால் எப்படி?

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நிஜ ராணுவங்களைப் பாருங்கள். அங்கே கலருக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். காக்கியை எடுத்துக்கொள்வோம். 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படைக்கு, அந்த ஊர்ப் புழுதியோடு கலந்துபோகிற நிறத்தில் உடை கொடுத்தார்கள். பாரசீகத்தில் 'காக்' என்றால் மண், தூசி. நம்மூர் போலீஸ்காரர் சட்டை வரை வந்த காக்கி அதுதான். காரணம் நிலம்.

இங்கிலாந்துக்காரர்களின் சிவப்புக் கோட்டு 1645-ல் நியூ மாடல் ஆர்மியோடு பொதுச் சீருடை ஆனது. எல்லோருக்கும் சிவப்பு என்றால் ரெஜிமென்ட்டுகளை எப்படிப் பிரித்து அறிவது? காலரிலும் கைமடிப்பிலும் வேறு வேறு கலர் வைத்தார்கள். 1740-களில் இரண்டு ரெஜிமென்ட்டுகளுக்குமே கர்னல் பெயர் ஹோவர்ட். அந்தக் காலத்தில் கர்னல் பெயரை வைத்துத்தான் படையைக் கூப்பிடுவார்கள். குழப்பம் வருமா வராதா? கைமடிப்பைப் பார்த்து, ஒன்றைப் பச்சை ஹோவர்ட்ஸ் என்றும் இன்னொன்றை வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு என்பதால் பஃப் ஹோவர்ட்ஸ் என்றும் சொன்னார்கள். கிரீன் ஹோவர்ட்ஸ் என்ற அந்தப் பெயர் 2006-ல் வேறு படைகளோடு இணைக்கப்படும் வரைக்கும் நீடித்தது. ஒரு கைமடிப்புத் துணி இரண்டரை நூற்றாண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது!

காரணம் போன பிறகும் கலரைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1829-ல் கொண்டுவந்த சிவப்புக் கால்சட்டையைப் பாரம்பரியம், பெருமை என்று விடாமல் 1914 ஆகஸ்டில் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னாலும் போட்டுக்கொண்டு போய் நின்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் வெளிர் நீலத்துக்கு மாறினார்கள். "இதுதான் முறை" என்று கலரைப் பிடித்துத் தொங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆக, முதலில் காரணம், பிறகு கலர். என் படைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். என் வீரர்களின் கிரகம் முழுக்க உப்பு. வற்றிப்போன கடல். உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெள்ளை என்பது பளிச் வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் அழுக்கு கலந்திருக்கும். இரும்பு எதுவும் ஒரு மழைக்காலம் தாங்காது. அப்படியென்றால் கவசம் எலும்பு வெள்ளை. இடது தோள்பட்டை துருச் சிவப்பு. முதல் இரண்டு கலரை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை, உப்புதான் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது கலர் கண்ணாடிக்கு மட்டும். துரு என்பது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. வண்ணச் சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே நிற்பது பச்சை கலந்த நீலம். அதை ஒரு பொட்டு வைத்தால் கண் நேராக முகத்துக்குப் போகும்.

அளவு முக்கியம். உள் அலங்காரக்காரர்கள் சொல்லும் 60-30-10 கணக்கு இங்கேயும் உதவும். பிரதானக் கலர் 60 பங்கு, துணைக் கலர் 30, சுண்டி இழுக்கிற கலர் 10. 'ஒரிஜினல்' என்று சொல்லிக்கொண்டு ஏழு கலரைக் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது படை மாதிரி இருக்காது, பஞ்சுமிட்டாய் வண்டி மாதிரி இருக்கும். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் பங்கு உண்டு. அட்டையைப் பார்த்து அடிப்பவனும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவனும் ஒரே வேலையைத்தான் தவிர்க்கிறார்கள், யோசிப்பதை.

இன்னொரு சோதனை. போனில் போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு கலரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மேஜையில் மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது எல்லாம் கலந்து சேறாகிவிடும். ஒன்று வெளிறியிருக்க வேண்டும், இன்னொன்று இருட்டாக இருக்க வேண்டும். பொம்மை நிற்கும் தரைக்கும் இதே விதி. என் ஆட்கள் வெளிர், ஆகவே தரை கறுப்பு கலந்த பழுப்பு.

இப்போது காமர்ஸ் புத்தியைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன். என் படையில் 42 பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு பத்து நிமிட வேலை சேர்த்தால் மொத்தம் 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். அதனால் எந்த யோசனையையும் முதலில் ஒரே ஒரு பொம்மையில் அடித்துப் பார்த்து, கடிகாரம் வைத்து நேரம் குறிக்க வேண்டும். கறுப்பு அடிப்பூச்சின் மேல் மஞ்சள் லேசில் ஏறாது, கோட் மேல் கோட் கேட்கும் என்பதெல்லாம் அந்த முதல் பொம்மையிலேயே தெரிந்துவிடும். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஸ்டாண்டர்டு காஸ்ட் என்று படிக்கிறோமே, அதன் நிஜமான பயன் இங்கேதான் எனக்குப் புரிந்தது. அப்புறம், எந்த டப்பா, எத்தனை சொட்டுத் தண்ணீர், எந்த வரிசை என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஐந்து வீரர்கள் புதிதாகச் சேரும்போது அதே அழுக்கு வெள்ளை வர வேண்டுமே.

"இவ்வளவு மெனக்கெடுவதற்கு அட்டையைப் பார்த்து அடித்துவிட்டுப் போகலாமே" என்பீர்கள். போகலாம். அல்ட்ரா மரீன்ஸ் கதையைப் படித்து, உருகி, அந்த நீலம்தான் வேண்டும் என்று அடிப்பவரோடு எனக்கு வம்பே இல்லை. அவர் முடிவு எடுத்துவிட்டார். வேறு எதுவும் தோன்றாததால் நீலம் அடித்தவரைத்தான் கேட்கிறேன். பொம்மைக்கு 3 மணி நேரம் என்றால் 42 பொம்மைக்கு 126 மணி நேரம். ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு நான் வகுப்பில் உட்காரும் நேரத்தைவிட அதிகம். அவ்வளவு நேரத்தையும் இன்னொருத்தர் எடுத்த முடிவை நிறைவேற்றுவதற்கா கொடுப்பது?

பள்ளிக்கூடத்தில் கைடு. காலேஜில் சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ். நாளைக்கு வேலைக்குப் போனால் பேலன்ஸ் ஷீட்டில் எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு 2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை இருக்கிறது. அங்கே நான் என் இஷ்டத்துக்கு எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஊரார் பணம். கணக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிய வேண்டும். ஆனால் கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரனின் தோள்பட்டைக்கு எந்த அட்டவணையும் கிடையாது. தப்பாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, மேலே இன்னொரு கோட் அடித்துக்கொள்ளலாம். முடிவு எடுத்துப் பழகுவதற்கு இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதையும் அட்டையிடம் விட்டுக்கொடுத்தால் எப்படி?

ஆகவே மக்களே, அடுத்த பெட்டி பிரிக்கும்போது அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரே ஒரு பொம்மையை எடுத்து, இவன் எந்த ஊர்க்காரன், அந்த ஊரில் என்ன விளையும், வெயிலா மழையா என்று கேளுங்கள். என் அடுத்த ஐந்து உப்புக்காரர்களுக்கு அடிப்பூச்சு காய்ந்திருக்கும், துரு அடிக்கணும்.

வர்ட்டா?